குளியலறையில் ஒரு ஃபேன் மாட்டினால் எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும்? இங்கிலாந்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு

லண்டனில் ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, ஹாரோ, டூட்டிங் என்று நம் ஆட்கள் வீடு வாங்குகிற பகுதிகளில் பெரும்பாலும் கிடைப்பது பழைய வீடுதான். விக்டோரியா காலத்துத் தொடர்வீடு, இல்லையென்றால் 1930களில் கட்டிய செமி (ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீடு). குளிர்காலம் வந்தால் குளியலறைக் கூரையோரம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், சரி, ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் மாட்டிவிடலாம் என்று முடிவெடுப்பீர்கள். தெரிந்த ஒருவர் வருவார், லைட்டிலிருந்து ஒரு வயரை இழுப்பார், அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ஃபேன் ஓடும். ஐந்தாறு வருடம் கழித்து வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் உங்களிடம் டி.ஏ.6 என்ற படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். வீட்டில் மின்வேலை ஏதாவது நடந்ததா, அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று அதில் கேட்டிருப்பார்கள். அப்போதுதான் இழுப்பறைகளைக் கிளறத் தொடங்குவோம்.

நான் மின்வேலை செய்பவன். வாரத்துக்கு ஒருவராவது இதைப் பற்றிக் கேட்கிறார்கள், எல்லோரும் குழம்புவதும் ஒரே இடத்தில்தான். சான்றிதழ் ஒன்று என்று நினைக்கிறார்கள், உண்மையில் இரண்டு. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை, ஒன்று கையில் இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதலாவது, வேலை செய்த எலக்ட்ரீஷியன் தன் கைப்பட எழுதித் தருவது. சின்ன வேலை என்றால் அதன் பெயர் மைனர் வொர்க்ஸ் சர்டிபிகேட். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்க்யூட்டில் ஒரு ஃபேனோ லைட்டோ ஷேவர் சாக்கெட்டோ சேர்த்தேன், இந்த இந்தச் சோதனை செய்தேன், இந்த எண்கள் வந்தன, பி.எஸ். 7671 என்ற வயரிங் தரத்தின்படி வேலை இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போடுகிறார். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு தாள், இரண்டு சர்க்யூட்டில் கை வைத்திருந்தால் இரண்டு தாள். ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே புதிதாக ஒரு சர்க்யூட் இழுத்திருந்தால் இந்தத் தாள் போதாது, அதற்கு எலக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட் என்ற பெரியது வேண்டும்.

இரண்டாவது, கட்டட விதிகளுக்கு உட்பட்டு வேலை நடந்தது என்று சொல்லும் சான்றிதழ். கட்டட விதிகளில் 'பார்ட் பி' (Part P) என்று ஒரு பகுதி இருக்கிறது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டு மின்வேலை யாருக்கும் தீவிபத்தோ காயமோ வராதபடி செய்யப்பட வேண்டும் என்பதுதான் அது கேட்பதன் சாரம். பி.எஸ். 7671 சட்டம் கிடையாது, அது ஒரு தரம். ஆனால் பார்ட் பி சட்டம், அதை நிறைவேற்றும் நேர்வழி பி.எஸ். 7671-ஐப் பின்பற்றுவது, இப்படித்தான் இரண்டும் பிணைந்திருக்கின்றன. குறிப்பிட்ட சில வேலைகளைக் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவித்ததற்கு அடையாளமாக வருவதுதான் இந்த இரண்டாவது சான்றிதழ்.

எந்த வேலையைத் தெரிவிக்க வேண்டும்? இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் பட்டியலைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பவை முக்கியமாக மூன்று: புதிய சர்க்யூட் இழுப்பது, ஃபியூஸ் பாக்ஸை மாற்றுவது, குளியல் தொட்டி அல்லது ஷவரைச் சுற்றியுள்ள 'சிறப்பு இடத்தில்' பழைய சர்க்யூட்டை நீட்டுவது அல்லது மாற்றுவது. (வேல்ஸில் இந்தச் சுருக்கம் நடக்கவில்லை, அங்கே சமையலறை வேலையும் தோட்டத்து வேலையும் இன்னும் பட்டியலில் உண்டு. ஸ்காட்லாந்தின் முறையே வேறு. நான் எழுதுவது இங்கிலாந்துக்கு.)

அந்தச் சிறப்பு இடம் என்பது குளியலறை முழுவதும் இல்லை. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்று பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். தொட்டியின் விளிம்பிலிருந்து, அல்லது ஷவர் ட்ரேயின் விளிம்பிலிருந்து, பக்கவாட்டில் 0.6 மீட்டர். தரையிலிருந்து உயரம் 2.25 மீட்டர், ஷவர் தலை அதற்கும் மேலே பொருத்தப்பட்டிருந்தால் அது இருக்கும் உயரம் வரை. ட்ரேயே இல்லாமல் தரையோடு தரையாக ஷவர் வைத்திருந்தால் ஷவர் தலையின் நடுப்புள்ளியிலிருந்து 1.2 மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் நடக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளியே நடப்பதை, புதிய சர்க்யூட் இல்லாத வரை, தெரிவிக்க வேண்டியதில்லை.

நம் ஃபேனையே எடுத்துக்கொள்வோம். கூரை 2.4 மீட்டர் உயரம், ஃபேனைக் கூரையில் மாட்டுகிறீர்கள், பெட்டிக்கு வெளியே போய்விட்டது, கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டாம். அதே ஃபேனைத் தொட்டிக்கு நேர் மேலே சுவரில் 2 மீட்டர் உயரத்தில் பதிக்கிறீர்கள், இப்போது உள்ளே வந்துவிட்டது, சொல்ல வேண்டும். ஒரே ஃபேன், ஒரே வயர், கையளவு தூரம்தான் வித்தியாசம். பழுதான பழைய லைட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதே வகை லைட்டை மாட்டினால் அது வெறும் மாற்றீடு, தெரிவிக்கத் தேவையில்லை. புதிதாக எலக்ட்ரிக் ஷவர் வைப்பதென்றால் பேச்சே இல்லை: 9.5 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 41 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி கேபிளும் தனி சர்க்யூட்டும் வேண்டும், ஆகவே கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெரிவிக்க வேண்டாம் என்றால் சோதிக்க வேண்டாம் என்று அர்த்தம் கிடையாது. கூரையில் மாட்டிய அந்த 2.4 மீட்டர் ஃபேனுக்கும் மைனர் வொர்க்ஸ் சர்டிபிகேட் வேண்டும், பார்ட் பி அதற்கும் பொருந்தும், வேலை சரியாக இருந்தே ஆகவேண்டும். "இது நோட்டிஃபை பண்ணத் தேவையில்லாத வேலை, அதனால் சர்டிபிகேட் எதுவும் கிடையாது" என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு சான்றிதழையும் ஒன்றாகக் குழப்புகிறார், அல்லது உங்களைக் குழப்புகிறார்.

தெரிவிப்பதற்கு மூன்று வழி உண்டு. எளிதானது, நிக்கெய்க் (NICEIC) அல்லது நேப்பிட் (NAPIT) போன்ற அமைப்பில் பதிவு செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது. அவர் தன் வேலைக்குத் தானே சான்றளிக்கலாம், 30 நாளுக்குள் கவுன்சிலுக்குத் தகவல் போய்விடும், உங்களுக்கும் சான்றிதழ் வந்துவிடும். இரண்டாவது வழி, வேலை தொடங்கும் முன்பே நீங்கள் கவுன்சிலின் கட்டடப் பிரிவில் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பது. தானே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கும் இதுதான் வழி, சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆனால் ஒரு ஃபேனுக்காகக் கட்டும் அந்தக் கட்டணம் கூலியையே தாண்டிவிடக்கூடும். மூன்றாவது, பதிவு இல்லாதவர் செய்யும் வேலையைப் பார்த்துச் சோதித்துச் சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற ஒருவரை நியமிப்பது. இதுவும் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஏற்பாடு செய்யப்பட வேண்டியது. எல்லாவற்றையும் டைல் போட்டு மூடியபிறகு ஒருவரைக் கூப்பிட்டு "இதுக்கு ஒரு சைன் போட்டுக் கொடுங்க" என்றால் நேர்மையானவர் யாரும் போட மாட்டார். சுவருக்குள் வயர் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எப்படிப் போடுவார்?

இப்போது பழைய வீட்டுக்கு வருவோம், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மைனர் வொர்க்ஸ் சர்டிபிகேட் நான் சேர்த்த பகுதிக்குத்தான் சான்று, வீடு முழுவதற்கும் அல்ல. ஆனால் நான் சேர்த்த ஃபேன் காற்றில் தொங்கவில்லை, உங்கள் பழைய வயரில் தொங்குகிறது. அந்த வயரின் எர்த் சரியில்லை என்றால் என் ஃபேனுக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் என் வேலை எதை நம்பி நிற்கிறதோ அதையெல்லாம் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட முடியாது, தாளிலேயே எர்த்திங் எப்படி இருக்கிறது, ஏற்கெனவே உள்ள வயரிங் பற்றி என்ன கவனித்தாய் என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒருமுறை 1930களின் வீடு ஒன்றில் ஓர் அக்கா, நான் ஃபேனைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே மாடிப்படிக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸ் முன்னால் ஒரு மணி நேரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு ஃபேன் பூட்டத்தானே கேட்டனான், ஏன் கீழ நிண்டு எல்லாத்தையும் கழட்டிறீர்?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பார்ப்பது எர்த். 1966க்கு முந்திய வயரிங்கில் லைட் சர்க்யூட்டுக்கு எர்த் கம்பியே பல வீடுகளில் இருக்காது, அந்த வருடம் வந்த விதிப் பதிப்புதான் லைட்டுக்கும் எர்த் கேட்டது. கூரையில் லைட் தொங்கும் ரோஸைத் திறந்தால் சிவப்பும் கறுப்பும் மட்டும் எட்டிப்பார்க்கும். இரட்டைக் காப்பு (இன்சுலேஷன்) உள்ள ஃபேனுக்கு எர்த் தேவைப்படாதே என்று கேட்கலாம், ஃபேனுக்குத் தேவைப்படாது, ஆனால் எர்த் இல்லாத சர்க்யூட்டை இன்னும் நீட்டிக்கொண்டு போகத் தரம் இடம் கொடுப்பதில்லை. நாளைக்கு வேறொருவர் அதே இடத்தில் உலோக லைட் ஒன்றை மாட்டுவார். இன்னும் பழைய ரப்பர் உறை போட்ட வயர் என்றால் கதை முடிந்தது, தொட்டாலே ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிரும், அதோடு புது வயரை இணைப்பது தவறு.

வயர் நன்றாக இருந்தால் அளக்க வேண்டும். காப்புச் சோதனையில் 500 வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம், குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டும், நல்ல வயர் அதைப் பல மடங்கு தாண்டும். அப்புறம் எர்த் லூப். லைவ் கம்பி எங்காவது எர்த்தைத் தொட்டால் மின்சாரம் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்புகிற பாதை ஒன்று இருக்கிறது, அந்தப் பாதையின் தடை குறைவாக இருந்தால்தான் ஓட்டம் பெரிதாகி பிரேக்கர் உடனே விழும். 6 ஆம்பியர் பி (B) வகை பிரேக்கருக்கு அந்தத் தடை 7.28 ஓமுக்கு மேல் போகக்கூடாது. இந்த எண்ணைத்தான் தாளில் எழுதுகிறோம். எண் எழுதாமல் வெறும் டிக் போட்ட தாளைக் கொடுத்தால் சோதனை மீட்டர் அதன் பெட்டியை விட்டு வெளியே வந்ததா என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது ஆர்சிடி, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி. குளியலறைக்குப் போகும் சர்க்யூட்டுகளுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிடி வேண்டும் என்பது 2008இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து விதி. இது அந்த 0.6 மீட்டர் பெட்டிக்கு மட்டும் இல்லை, அறைக்கே. கூரை ஃபேனைக் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் ஆர்சிடி வேண்டும். ஏன் இவ்வளவு கறார்? ஈர உடம்பின் தடை மிகவும் குறைவு, வெறுங்காலோடு நிற்கிறோம், கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருக்கிறது. 50 மில்லியாம்பியர் உடம்பு வழியே போனாலே இதயத் துடிப்பு குலைந்துபோகலாம். பழைய 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பிக்கு அது தெரியவே தெரியாது, ஒரு 100 வாட் பல்பே 430 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும்போது 50 அதற்கு எந்த மூலைக்கு? ஆர்சிடி வேறு மாதிரி வேலை செய்கிறது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும், 30 மில்லியாம்பியர் எங்கேயோ கசிந்தால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும், நல்ல நிலையில் இருப்பது இன்னும் வேகமாக.

மாடிப்படிக்கு அடியில் ஃபியூஸ் கம்பி போட்ட பழைய பெட்டி இருந்தால் ஆர்சிடி இருக்காது. அதற்காக முழுப் பெட்டியையும் மாற்றியே தீர வேண்டும் என்று இல்லை, அந்தச் சர்க்யூட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டியில் ஆர்சிடி வைக்கலாம். ஓரளவு புதிய பெட்டி என்றால் அந்த பிரேக்கரைக் கழற்றிவிட்டு, அதே தயாரிப்பில் கிடைத்தால், பிரேக்கரும் ஆர்சிடியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ போடலாம். முழுப் பெட்டியையும் மாற்றினால் நல்லதுதான், ஆனால் அது தனியே தெரிவிக்க வேண்டிய, பெரிய சான்றிதழ் தேவைப்படும் வேலை, பணமும் அதற்கேற்ப ஆகும்.

மூன்றாவதாக பாண்டிங், பலரும் கேள்விப்படாதது. கேஸ் குழாயும் தண்ணீர்க் குழாயும் வீட்டுக்குள் வரும் இடத்தில் அவற்றை மெயின் எர்த்தோடு பச்சை மஞ்சள் கம்பியால் கட்டியிருக்க வேண்டும், பொதுவாக 10 சதுர மில்லிமீட்டர் கம்பி. பழைய வீட்டில் மெல்லிய கம்பி இருக்கும், அல்லது சமையலறையை மாற்றும்போது யாரோ கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டாமல் போயிருப்பார்கள். குளியலறைக்குள்ளேயும், தொட்டிக்கு அடியில் குழாய்க்குக் குழாய் அதே நிறக் கம்பி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாச் சர்க்யூட்டுக்கும் ஆர்சிடி இருந்து, பிரேக்கர்கள் உரிய நேரத்தில் துண்டித்து, மெயின் பாண்டிங்கும் சரியாக இருந்தால் அந்த உள் பாண்டிங் தேவையில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேவை. அதனால் டைல் வேலைக்கு வந்தவர் "இது எதுக்கு சும்மா கிடக்கு" என்று வெட்டி எறிய விடாதீர்கள், பல பழைய வீடுகளில் குளியலறையில் மிச்சம் இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுவாக இருக்கும்.

அந்த அக்கா வீட்டில் மூன்றுமே குறைவாக இருந்தன. மாடி லைட் சர்க்யூட்டுக்கு எர்த் இல்லை, ஆர்சிடி இல்லை, தண்ணீர்க் குழாயில் பாண்டிங் கிளிப் துருப்பிடித்துக் கழன்று தொங்கியது. ஃபேனை அன்று மாட்டவில்லை. மாட்டியிருந்தால் ஓடியிருக்கும், அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், ஆனால் என்னால் எண் எழுத முடியாத ஒரு தாளில் நான் பெயர் எழுத வேண்டியிருந்திருக்கும். பாண்டிங்கை அன்றே சரிசெய்துவிட்டு, மாடி லைட்டுக்கு வயரை மாற்ற இரண்டு வாரம் கழித்துப் போனேன்.

ஆகவே வேலைக்கு ஆள் பேசும்போதே சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். எந்த அமைப்பில் பதிவு, பதிவு எண் என்ன? சொன்னதும் அந்த அமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வேனில் சின்னம் ஒட்டியிருப்பது போதாது. இந்த வேலை தெரிவிக்க வேண்டியதா, ஏன்? அளவைச் சொல்லி விளக்கினால் விஷயம் தெரிந்தவர். பழைய வயரில் குறை கண்டால் என்ன செய்வீர்கள், அதற்குத் தனி விலையா? முழுக் குளியலறையையும் ஒரு பில்டரிடம் ஒப்படைத்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள், மின்வேலைக்கு வரப்போகும் ஆள் யார் என்று கேட்டு, அவருடைய சான்றிதழ்கள் கைக்கு வந்தபிறகு கடைசித் தவணையைக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கட்டட விதியை மீறினால் வேலை செய்தவர் மட்டும் இல்லை, வீட்டுக்காரரான உங்கள் மேலும் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம்.

சரி, வேலை எப்போதோ முடிந்துவிட்டது, கையில் எதுவும் இல்லை என்றால்? முதலில், பதிவு செய்தவர்தான் செய்தார் என்றால் அந்த அமைப்பிலும் கவுன்சிலிலும் விசாரியுங்கள், பதிவு இருந்தால் நகல் வாங்கலாம். பதிவே இல்லையென்றால் கவுன்சிலிடம், முடிந்த வேலையைப் பிறகு முறைப்படுத்தும் ரெகுலரைசேஷன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அவர்கள் சோதிக்கச் சொல்வார்கள், சில இடங்களில் சுவரைத் திறந்து காட்டச் சொல்வதும் உண்டு. இன்னொன்று, ஈ.ஐ.சி.ஆர் எனப்படும் வீட்டு வயரிங் நிலை அறிக்கை. இங்கிலாந்தில் வாடகைக்கு விடுபவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்கும் அதே அறிக்கைதான். அது விடுபட்ட சான்றிதழுக்கு மாற்று ஆகாது, ஆனால் வயரிங் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து சொல்லும், எனக்கு அதுதான் முக்கியம்.

சொலிசிட்டர்கள் அடிக்கடி சொல்லும் தீர்வு இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ். கவுன்சில் பின்னால் நடவடிக்கை எடுத்தால் அந்தச் செலவுக்குக் கைகொடுக்கும், ஷாக் அடிக்கும் வயரை அது சரிசெய்யாது. அதை எடுக்கப்போவதாக இருந்தால் கவுன்சிலுக்குப் போன் போடுவதற்கு முன் சொலிசிட்டரிடம் பேசுங்கள், கவுன்சிலைத் தொடர்புகொண்டுவிட்டால் பாலிசி கொடுக்க மறுப்பார்கள். நீங்கள் வாங்குபவராக இருந்து, விற்பவர் இந்த பாலிசியை நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஈ.ஐ.சி.ஆரும் கேளுங்கள். அந்தச் சோதனையில் எல்லா லைட்டையும் சாக்கெட்டையும் திறப்பதில்லை, சிலவற்றை மாதிரிக்குத்தான் திறப்பார்கள், அதனால் குளியலறை லைட், ஃபேன், ஷவர் மூன்றையும் கட்டாயம் திறந்து பார்க்கும்படி வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.